ஆங்கில இலக்கணமும் ஐந்து சீட்டுகளும்

வகுப்பறையில் ஆங்கில இலக்கணத்தை எளிய விளையாட்டுகளின் வழியே பழக்கலாம் என்று யாரேனும் பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்களின் உதட்டோரம் ஒரு புன்னகை அரும்புவதைக் காணலாம். கிலுகிலுப்பை விற்கவந்தவரைப் பார்த்துப் புன்னகைப்பதைப் போன்ற புன்னகை அது. அதன்பின் வாதங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒரே வரிசையில் வந்துசேரும். இலக்கணம் ஒழுங்கு, விளையாட்டு அதன் எதிர்ச்சொல் என்பார்கள். ரென் அண்டு மார்ட்டினை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துத்தானே நாங்கள் ஆங்கிலம் கற்றோம், கெட்டா போய்விட்டோம் என்பார்கள். இதெல்லாம் மேலைநாட்டுக் கல்வியியல் சரக்கு, நம் மண்ணுக்கு ஒத்துவராது என்று முடிப்பார்கள். தேநீர் வந்துவிடும். பேச்சு சிற்றிதழ் அரசியலுக்குத் திரும்பிவிடும்.

இந்தப் புன்னகைக்குப் பதில் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தோம். எங்களில் சிலர் பள்ளி ஆசிரியர்கள். மற்றவர்கள் அந்தப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்துக்கு அஞ்சிக்கொண்டே வெளியேறியவர்கள். ஆகவே இது எங்களுக்குத் தேநீர்ப் பேச்சு அன்று.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறோம். புன்னகைக்கும் இதே நண்பர்கள்தாம் விட்கென்ஸ்டைனின் ‘மொழி விளையாட்டு’ என்ற கருத்தாக்கத்தைப் பற்றி முப்பது பக்கக் கட்டுரை எழுதுகிறவர்கள். சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில் இருக்கிறது, பயன்பாடோ விதிகளுடன் கூடிய ஒரு விளையாட்டைப் போன்றது என்பதை அவர்கள் அடிக்குறிப்புகளுடன் நிறுவுவார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பு அறையொன்றில் நாற்பது குழந்தைகள் உண்மையிலேயே ஒரு மொழி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தால் முகம் சுளிப்பார்கள். அந்தத் தத்துவவாதி 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதும், பள்ளிக் குழந்தைகளுக்கென்றே ஒரு சொற்பட்டியல் அகராதியை 1926-இல் வெளியிட்டவர் என்பதும் நம் கட்டுரைகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. (அவர் கைநீட்டும் ஆசிரியராகவும் இருந்தார். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.)

வேறொன்றையும் நினைவூட்டலாம். தொல்காப்பியர் யாப்பின் வகைகளை எண்ணும்போது பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று எண்ணுகிறார். நூல் என்பது இலக்கணம் முதலான சாத்திரங்கள். பிசி என்பது விடுகதை. இலக்கண நூலையும் விடுகதையையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க அந்த இலக்கண ஆசிரியருக்குக் கூச்சமில்லை. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடினார் திருஞானசம்பந்தர். சித்திரகவியும் சிலேடையும் மொழியின் விதிகளை முற்றுமறிந்தவர்கள் ஆடிய ஆட்டங்கள். விதி இல்லாமல் விளையாட்டே இல்லை என்பதைப் பல்லாங்குழி ஆடும் பெண்பிள்ளையிடம் கேட்டாலும் சொல்வாள். இலக்கணத்துக்கு விளையாட்டு எதிர்ச்சொல் என்ற எண்ணம் நம் மரபிலிருந்து வரவில்லை. தேர்வுத்தாளிலிருந்து வந்தது.

இனி ரென் அண்டு மார்ட்டின். 1930-களில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின்மேல் எங்களுக்குப் பகையில்லை. தன் வேலையை அது செம்மையாகச் செய்கிறது. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கவேண்டும். இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை முதன்மையாக மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் அது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தாய்மடியில் வந்த மொழி. ‘டிட் யூ கோ?’ என்று கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. தாம் ஏற்கெனவே பேசுகிற மொழிக்குள் எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது என்று பெயரிட மட்டுமே அவர்களுக்குப் புத்தகம் வேண்டியிருந்தது. எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதைப்போல இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படுகிறது என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான். எள் முதலில் இருக்கவேண்டும். நம் அரசுப் பள்ளிக் குழந்தையின் கையில் எள் இல்லை. அந்தக் கையில் செக்கை மட்டும் கொடுத்து ஆட்டச் சொல்கிறோம். பத்தாண்டுகள் ஆட்டியும் ஒரு சொட்டு வராதபோது குழந்தைக்கு அறிவு போதவில்லை என்கிறோம்.

‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்குபவர்கள் தம் காலத்தில் தம்மோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனைபேர் பத்தாம் வகுப்புவரை வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். வந்தவர்களிலும் எத்தனைபேர் இன்று ஒரு வங்கிக் கிளையில், ஒரு விமான நிலையத்தில், வெளிமாநில மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையின் முன் வாய்திறந்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்? கேள்வி என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். இந்தக் கட்டுரையே அதைப்பற்றியதுதான்.

நம் வகுப்பறையில் கேள்வி கேட்பவர் ஒருவரே, ஆசிரியர். பதில் சொல்பவர்கள் மற்றவர்கள். புத்தகத்திலும் கேள்வி அச்சாகியே வருகிறது. தேர்விலும் அப்படியே. ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பில் நுழைந்து பத்தாம் வகுப்பில் வெளியேறும்வரை, தனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக ஆங்கிலத்தில் ஒரு வினாவாக்கியத்தைத் தானே அமைத்துக் கேட்கும் தருணம் வாய்ப்பதேயில்லை. வினாவாக்கியத்தின் இலக்கணமோ ஆங்கிலத்தில் தமிழ்க் குழந்தைக்கு மிகக் கடினமான பகுதி. தமிழில் கேள்வி கேட்பது எவ்வளவு எளிது என்பதை நாம் யோசிப்பதில்லை. எந்தச் சொல்லில் ஐயமோ அந்தச் சொல்லின் வாலில் ஓர் ஆகாரத்தைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. நீயா நேற்றுப் பேருந்தில் வந்தாய்? நீ நேற்றா பேருந்தில் வந்தாய்? நீ நேற்றுப் பேருந்திலா வந்தாய்? நீ நேற்றுப் பேருந்தில் வந்தாயா? சொற்களின் வரிசை கலையவில்லை. வினையிலுள்ள காலமும் கலையவில்லை. ‘வந்தாய்’ என்பதிலுள்ள இறந்தகால இடைநிலை ‘வந்தாயா’ என்பதிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலம் அப்படியில்லை. எங்கிருந்தோ ஒரு ‘டூ’வைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, வினையிலிருக்கும் இறந்தகாலத்தைப் பிடுங்கி அதன் தலையில் வைத்து அதை ‘டிட்’ ஆக்குகிறது. பறிகொடுத்த வினை வெறும் ‘கோ’வாக உள்ளே நிற்கவேண்டும். ‘டிட் யூ வென்ட்?’ என்று நம் குழந்தை கேட்கும்போது அது முட்டாள்தனத்தால் கேட்கவில்லை. போனாயா என்பதில் காலம் வினையில் இருக்கிறதே, அதை ஏன் எடுக்கவேண்டும் என்ற தமிழின் நியாயம் அந்தத் தவற்றுக்குள் இருக்கிறது. இந்த நியாயத்தை விதி சொல்லி உடைக்கமுடியாது. ‘டிட்’டுக்குப் பின் வினையின் மூலவடிவம் வரும் என்ற விதியை ஒப்பித்த அடுத்த நிமிடத்திலேயே ‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்கும் மாணவர்களை ஆங்கிலம் நடத்தும் எவரும் அறிவர். விதி நாவில் ஏறியது, நாவின் பழக்கத்தில் ஏறவில்லை. பழக்கத்தில் ஏற நூறுமுறை, இருநூறுமுறை கேட்கவேண்டும். உயிரற்ற பயிற்சியாக இருநூறு வினாவாக்கியங்களை எழுதச்சொன்னால் நாற்பதாவதிலேயே குழந்தையின் மனம் ஜன்னலுக்கு வெளியே போய்விடும்.

இங்கேதான் மிக எளிய ஒரு விளையாட்டு வேலை செய்கிறது. ஒரு மாணவி பலகைக்கு முதுகு காட்டி நிற்கிறாள். ஆசிரியர் பலகையில் ஒரு தொழிலின் பெயரையோ விலங்கின் பெயரையோ எழுதுகிறார். வகுப்பு முழுவதற்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஆம், இல்லை என்று மட்டுமே வகுப்பு பதில் சொல்லும். இருபது கேள்விகளுக்குள் அவள் கண்டுபிடிக்கவேண்டும். ‘டஸ் ஹி வொர்க் அட் நைட்?’ ‘கேன் ஹி டிரைவ்?’ ‘இஸ் ஹி இன் அவர் வில்லேஜ்?’ ஆசிரியர் விரும்பினால் இன்று ‘டஸ்’ என்று தொடங்கும் கேள்விகளுக்கு மட்டுமே பதில் என்று விதியை இறுக்கலாம். வினாவாக்கியமாக அமையாத கேள்விக்கு வகுப்பு வாய்மூடி இருக்கவேண்டும் என்பது மற்றொரு விதி. இந்த இடத்தில் இலக்கணத்தின் இயல்பே மாறிவிடுவதைப் பார்க்கவேண்டும். சிவப்பு மையாக, கழிக்கப்படும் மதிப்பெண்ணாக இருந்த இலக்கணம் இப்போது கதவுக்குச் சாவி. அவளுக்கு விடை வேண்டும், விடைக்குக் கேள்வி வேண்டும், கேள்விக்கு ‘டஸ்’ வேண்டும். பின்பு இருவர் இருவராகப் பிரித்துவிட்டால் பத்து நிமிடத்தில் வகுப்பின் ஒவ்வொரு குழந்தையும் பத்துக் கேள்விகளாவது கேட்டிருக்கும்.

எண்ணிக்கை முக்கியம். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை, நாற்பது மாணவர்கள். ஆசிரியர் முன்னின்று ஒவ்வொருவராய் எழுப்பிக் கேட்டால், அவர் தாம் பேசவே பேசாமல் இருந்தாலும், தலைக்கு ஒரு நிமிடம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். அவர் பேசாமல் இருக்கப்போவதில்லை. ஆக அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் முதல் வரிசையில் அமரும் நால்வருக்கே போய்ச்சேரும். இருவர் இருவராக அமர்ந்தால் ஒரே நேரத்தில் இருபது வாய்கள் திறந்திருக்கும். ஒரு மாணவன் மற்றொரு மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாட்டை நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சட்டாம்பிள்ளை செய்தது அதுதான். சென்னையில் அநாதைச் சிறுவர்களுக்கான பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கையாண்டு, 1797-இல் லண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர்பெற்றது.

நாம் பெரிதும் விரும்புவது ஐந்து சீட்டு விளையாட்டை. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். தமிழ்நாட்டில் மழைக்கால மாலையொன்றில் இதை ஆடாமல் வளர்ந்தவர் குறைவு. காகிதத் துண்டுகளில் எழுதி, மடித்து, குலுக்கிப்போட்டு, ஆளுக்கொன்று எடுப்பது. போலீஸ் எழுந்துநின்று திருடனைக் கண்டுபிடிக்கவேண்டும். இதில் ஒரே ஒரு விதியைக் கூட்டுங்கள். யாரையும் சுட்டிக்காட்டுமுன் போலீஸ் எஞ்சிய நால்வரின் முகத்தையும் பார்த்து ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். ‘ஷி காண்ட் பி த தீஃப்.’ ‘ஹி மைட் பி த மினிஸ்டர்.’ ‘ஹி மஸ்ட் பி த தீஃப்!’ மோடல் வினைகள் என்று பாடநூலில் அட்டவணையாகக் கிடக்கும் பகுதி இது. அட்டவணையில் ‘மஸ்ட்’ என்பதற்குக் கட்டாயம் என்று பொருள் எழுதியிருப்பார்கள். குழந்தை அதை ஒப்பிக்கும். ஆனால் ஒருவன் கண்ணைத் தாழ்த்துகிறான், காதுமடல் சிவக்கிறது, சீட்டை இறுக்கிப் பிடிக்கிறான் என்பதைப் பார்த்து ‘இவன் திருடனாகத்தான் இருக்கவேண்டும்’ என்று துணியும் அந்தத் துணிவும் ‘மஸ்ட்’தான் என்பது அட்டவணையில் ஏறாது. தமிழில் ‘இருக்கலாம்’, ‘இருக்க முடியாது’, ‘இருக்கவேண்டும்’ என்று இந்த நுட்பம் முழுவதும் அந்தக் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளையாட்டு அதற்கு ஆங்கிலத்தில் ஒரு முகவரி கொடுக்கிறது, அவ்வளவே.

இதே ஆட்டத்தில் எதிர்பாராமல் வேறொரு பொருளும் கிடைக்கும். ‘எ’, ‘த’ என்ற இரண்டு சிற்றிடைச்சொற்கள் தமிழருக்கு வாழ்நாள் தொல்லை. ‘ஒரு’, ‘அந்த’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் பாதியிடங்களில் கவிழ்ந்துவிடும். சீட்டாட்டத்திலோ இருப்பது ஒரே திருடன். அவனை ‘த தீஃப்’ என்றால் ஆட்டத்தின் திருடன். ‘எ தீஃப்’ என்றால் இவன் ஒரு திருடன், ஊரிலுள்ள பல திருடர்களில் ஒருவன். அப்படிச் சொல்லப்பட்ட பையன் கோபித்துக்கொண்டால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தைக் காட்டி ஆசிரியர் வகுப்பை ஒரு நிமிடம் நிறுத்தி விளக்கினால், இரண்டு பக்க விதிகளாலும் விளங்காத வேற்றுமை விளங்கிவிடும்.

ஏலம் மற்றொன்று. ஏலத்துக்கு நம் ஊர்களில் உள்ள உயிரோட்டத்தைச் சொல்லத் தேவையில்லை. மாம்பழத்திலிருந்து மீன்வரை ஏலம்விடுகிற நாடு. பலகையில் பத்து ஆங்கில வாக்கியங்கள். சில சரி, சில பிழை. எவை எவை என்று சொல்வதில்லை. வகுப்பு எட்டுக் குழுக்களாகப் பிரிகிறது. குழுவுக்கு ஆயிரம் ரூபாய் கற்பனைப் பணம். சரியான வாக்கியங்களை மட்டும் வாங்கவேண்டும். பிழையானதை வாங்கினால் போட்ட பணம் போயிற்று. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ ஏலத்துக்கு வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு குழு இருநூறு என்கிறது. மற்றொன்று முந்நூறு. இன்னொரு குழுவுக்குள் கிசுகிசுப்பு. ‘ஒரு தரம்… ரெண்டு தரம்…’ மூன்றாவது தரத்துக்கும் சுத்தியலுக்கும் இடையில் அந்தக் குழந்தைகளின் மூளையில் நடப்பதுதான் இலக்கணக் கல்வி. ‘படிக்கிறேன்’ என்ற ஒரே வினைமுற்றைத் தினமும் படிப்பதற்கும் இப்போது படித்துக்கொண்டிருப்பதற்கும் தமிழில் பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. பிரித்ததோடு நில்லாமல், உடைமை, அறிவு போன்ற நிலைகளுக்கு அந்த ‘இங்’ ஆகாது என்றும் அடம்பிடிக்கிறது. ‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்பது அடுத்த வாக்கியம். ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாமே, பிழை எங்கே? பணத்தை இழந்த குழு இதைக் கேட்காமல் விடாது. பணம் கற்பனைதான், இழப்பின் ஆத்திரம் கற்பனையில்லை. ஆத்திரத்தோடு கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் மறப்பதில்லை. பிழையான வாக்கியங்களை மாணவர்களின் கட்டுரை நோட்டுகளிலிருந்தே, பெயர் சொல்லாமல், எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதை மட்டும் ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

குழுவுக்குள் அந்தக் கிசுகிசுப்பு எந்த மொழியில் நடக்கும்? தமிழில்தான். நடக்கட்டும். தமிழில் பேசினால் அபராதம் வசூலிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அவர்களுக்கு இது பொறுக்காது. ஆனால் ஒரு வாக்கியம் ஏன் பிழை என்று வாதிட ஒரு குழந்தைக்குத் தன் முழு அறிவும் வேண்டும். அந்த அறிவு குடியிருப்பது தமிழில். அதை வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு உள்ளே வா என்று சொல்வது ஆங்கிலக் கல்வியாகாது, அவமதிப்பு.

இவ்வளவு சொன்னபின் எதிர்முகாமையும் விட்டுவைக்க முடியாது. விளையாட்டை இகழ்பவர்களைவிட அதை விற்பவர்களால் நேரும் தீங்கு குறைவானதன்று. பளபளக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டைகள், பயிற்சிப் பட்டறை, சான்றிதழ், கைப்பேசிச் செயலி என்று ஒரு சந்தை இருக்கிறது. அச்சந்தையில் இலக்கண விளையாட்டு என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இலக்கணமும் இல்லை, விளையாட்டும் இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்புக என்பதற்குப் பக்கத்தில் ஒரு குரங்கின் படத்தை வரைந்தால் அது விளையாட்டாகிவிடாது. சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம் சிந்தும் செயலி, தேர்வுத்தாளுக்குக் கட்டிய சலங்கை. எழுத்தெழுத்தாக ஊகித்துத் தூக்குமரம் வரையும் ஆட்டம் எழுத்துக்கூட்டலுக்கு உதவும், இலக்கணத்துக்கு உதவாது. பெயர், ஊர், விலங்கு, பொருள் என்று எழுதும் ஆட்டம் சொல்வளத்துக்கு நல்லது, அதில் ஒரு வாக்கியம்கூடப் பிறப்பதில்லை. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து வினாடிவினா நடத்துவதையும் விளையாட்டு என்கிறார்கள். அதில் நால்வர் கத்துவார்கள், முப்பத்தாறுபேர் கைதட்டுவார்கள். அந்த நால்வருக்கு விளையாட்டில்லாமலேயே ஆங்கிலம் வந்துவிடும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. ஆடும் குழந்தைக்குத் தெரியாத ஏதோவொன்று அங்கே இருக்கவேண்டும். அதை அறிய அந்த வாக்கிய அமைப்பைத் தவிர வேறு வழி இருக்கக்கூடாது. குறுக்குவழி இருந்தால் குழந்தை அதில்தான் போகும், போகவும் வேண்டும். குழந்தை முட்டாள் இல்லை.

மேலைநாட்டு இறக்குமதி என்ற வாதத்துக்கு வருவோம். இலக்கண விளையாட்டுகளைத் தொகுத்த புகழ்பெற்ற நூல்கள் இங்கிலாந்தில் வந்தவை என்பது உண்மை. மாரியோ ரின்வொலுக்ரியின் தொகுப்பு 1984-இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் என். எஸ். பிரபு ஒரு பரிசோதனையை நடத்திக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு இலக்கணப் பாடம் எடுக்காமல், ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, ஒரு புதிரை விடுவிக்கச் சொல்வது. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே படிகிறது என்பது அவர் கண்ட தெளிவு. 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த அவரது நூல் உலகெங்கும் மொழியாசிரியர்களால் இன்றும் விவாதிக்கப்படுகிறது. செயல்வழி மொழிக்கற்பித்தல் என்று இன்று பல நாடுகளில் பயிலும் முறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று நம் ஊர்ப் பள்ளிக்கூட மரபெஞ்சு. நாம் இறக்குமதி என்று இகழ்வது இங்கிருந்து கப்பலேறிப்போன சரக்கு. நம் சிற்றிதழ்கள் அக்காலத்தில் ஐரோப்பியச் சிந்தனையாளர்களைக் கண்டுபிடிப்பதில் மும்முரமாக இருந்ததால் பக்கத்துத் தெருவில் நடந்ததைக் கவனிக்கவில்லை போலும்.

பிரபுவை நம் கட்சிக்குச் சாட்சியாக முழுதாக இழுத்துக்கொள்வது நேர்மையாகாது. அவருடையவை பணிகள், விளையாட்டுகள் அல்ல. இன்று ‘டஸ்’, நாளை ‘மஸ்ட்’ என்று இலக்கணக் கூறுகளைத் திட்டமிட்டுப் பழக்குவதையே அவர் ஏற்கவில்லை. அந்த இடத்தில் நாம் அவரிடமிருந்து விலகுகிறோம். நாளொன்றுக்கு ஒரு பாடவேளை மட்டுமே ஆங்கிலத்தைக் கேட்கும் குழந்தைக்கு, வீட்டிலும் தெருவிலும் அது காதில் விழாத குழந்தைக்கு, தானே படியட்டும் என்று காத்திருக்கக் காலம் போதாது. ஒரே அமைப்பைத் திரும்பத்திரும்பச் சொல்லவைக்கும் சூழலை யாரேனும் திட்டமிட்டு உருவாக்கத்தான் வேண்டும். மனப்பாடமும் திரும்பச்சொல்லல்தானே என்றால், ஆம். நாம் மனப்பாடத்துக்கு எதிரிகள் அல்லர். எண்சுவடியும் நிகண்டும் நெட்டுருப்போட்ட மரபிலிருந்து வந்தவர்கள்தாம். ஆனால் நன்னூலார் மாணாக்கர்களைத் தரம்பிரிக்கும்போது, சொன்னதையே சொல்லும் கிளியை அன்னத்துக்கும் பசுவுக்கும் கீழே, இடைமாணாக்கர் வரிசையில்தான் வைத்தார். நம் தேர்வுமுறை கிளிக்கு முதலிடம் கொடுத்து மாவட்டவாரியாகப் பாராட்டும் விழா எடுக்கிறது.

இதில் பணயமாக இருப்பது எது என்பதையும் சொல்லிவிடவேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் வந்தது, 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. கீழ்வகுப்புகளில் பாட்டும் அட்டையும் ஆட்டமும் ஏதோ ஓர் அளவில் நுழைந்துவிட்டன. ஆனால் ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் கதவு சாத்தப்படுகிறது. இனி விளையாட்டு இல்லை, இனி ‘சீரியஸ்’. ஆங்கில இலக்கணத்தின் கடினமான பகுதிகள் அனைத்தும் தொடங்குவதே அங்கேதான். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்று. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், ஏன் சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாத வாக்கியங்களை மாற்றிமாற்றி எழுதுவதில் நான்கு ஆண்டுகள் கழிகின்றன. காதோடு காதாகச் செய்தி கடத்தும் ஆட்டம் நம் குழந்தைகள் அறிந்ததே. அதில் கடைசிப் பையன் எழுந்து ‘ஷி செட் தட் ஹி ஹேட் லாஸ்ட் ஹிஸ் கோட்’ என்று சொல்லி, முதல் மாணவி ‘நோ, ஐ செட் தட் ஹி ஹேட் லாஸ்ட் ஹிஸ் கோட்டு’ என்று ஆட்டுக்கும் சட்டைக்கும் வழக்காடினால் அயற்கூற்று எதற்காகப் பிறந்தது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த விளையாட்டுகள் பள்ளியில் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. மாமா ஆங்கிலம் பேசுகிறார், தொலைக்காட்சி பேசுகிறது, விடுமுறை முகாம் இருக்கிறது, பலகை விளையாட்டுப் பெட்டிகள் பிறந்தநாள் பரிசாக வருகின்றன. அவர்கள் விளையாடித்தான் ஆங்கிலம் கற்கிறார்கள். அதை விளையாட்டு என்று யாரும் அழைப்பதில்லை, சூழல் என்கிறார்கள். செங்கல்சூளைக்குப் போய்த்திரும்பும் தாயின் மகளுக்கு அந்தச் சூழல் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அரசுப் பள்ளியின் அந்த நாற்பத்தைந்து நிமிடம். அதில் போய் விளையாட்டா என்று கேட்கும் நண்பர்கள் தம் பிள்ளைகளை எங்கே படிக்கவைக்கிறார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை என்பார்கள். நாங்கள் கேட்கிறோம்.

இரைச்சல் உண்மையான பிரச்சினை. இருபது வாய்கள் திறந்திருக்கும் வகுப்பைக் கடந்துபோகும் தலைமையாசிரியருக்கு அங்கே ஆசிரியர் இல்லை என்றுதான் தோன்றும். பக்கத்து வகுப்பில் கணக்கு நடக்கும். ஐந்து சீட்டு ஆட்டத்தைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்விடலாம். ஏலத்தை மதிய உணவுக்கு முந்திய பாடவேளையில் வைத்துக்கொள்ளலாம், அப்போது பள்ளியே இரைச்சலாக இருக்கும். சீட்டுக்குப் பழைய விடைத்தாளின் பின்பக்கம் போதும். பார்வையிட வரும் அதிகாரி என்ன நடத்தினீர்கள் என்று கேட்டால் ராஜா ராணி என்று சொல்லவேண்டியதில்லை. பாடக்குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே ‘மோடல் வினைகள், வாய்மொழிப் பயிற்சி, ஒரு பாடவேளை’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் அவரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்.